சிடி அலமாரியை ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றுவது எப்படி: ஒரே முறை, உருப்படியாக

2007 வாக்கில் என்னிடமிருந்த கர்நாடக சங்கீத சிடிக்களை எல்லாம் 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றினேன். அப்போது இருந்தது 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். இடம் மிச்சமாகிறதே என்று ஒரே சந்தோஷம். சில வருடம் கழித்து நல்ல ஹெட்ஃபோன் ஒன்று கைக்கு வந்த பிறகுதான் கோளாறு காதில் விழுந்தது. ராகம் தானம் பல்லவியில் தானம் முடிந்து பல்லவி தொடங்குகிற இடத்தில் தம்பூரா ஒரு கணம் அறுந்து மறுபடி ஒட்டுகிறது. கைத்தட்டல் நடுவில் வெட்டுப்படுகிறது. எந்த ஆல்பத்தைப் போட்டாலும் இதே கதை. கடைசியில் எல்லா டிஸ்க்கையும் பரணிலிருந்து இறக்கி முதலிலிருந்து தொடங்கினேன். அந்த இரண்டாவது சுற்றில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் நூறு, இருநூறு சிடி வைத்துக்கொண்டு, அவற்றை வீட்டு சர்வரில் ஏற்றி எந்த அறையிலும் கேட்க நினைப்பவர்களுக்கு இது.

டிஸ்க்குகளைப் பிரித்து வையுங்கள்

கணினியைத் திறக்கும் முன் அலமாரியைத் திறங்கள். நம் வீடுகளில் சிடி என்ற பேரில் மூன்று வகைச் சரக்கு கலந்து கிடக்கும்.

அடிப்பக்கம் வெள்ளியாக மின்னினால் அது தொழிற்சாலையில் அச்சடித்த டிஸ்க். பச்சை, நீலச் சாயல் தெரிந்தால் சிடி-ஆர். யாரோ கணினியில் எழுதியது. சின்ன வெளியீட்டாளர்கள் விற்ற சில கச்சேரி டிஸ்க்குகள்கூட இப்படித்தான். அதிலுள்ள சாயம் வெயிலிலும் வெக்கையிலும் கெட்டுப்போகும் என்பதால் இவற்றை முதலில் எடுத்து முடியுங்கள். அச்சடித்தவை காத்திருக்கும்.

மூன்றாவது, ‘100 பாடல்கள்’ என்று அட்டையில் போட்டிருக்கும் எம்பி3 சிடி. இது ஆடியோ சிடியே இல்லை, எம்பி3 ஃபைல்கள் நிரம்பிய டிஸ்க். இதை ஃப்ளாக் (ஒலி இழப்பில்லாமல் சுருக்கும் ஃபைல் வடிவம்) ஆக மாற்றினால் ஃபைல் பெருக்குமே தவிர, போன ஒலி திரும்பாது. அப்படியே காப்பி செய்து தனி ஃபோல்டரில் போடுங்கள்.

இதில் ஒரு தந்திரமான பேர்வழி உண்டு: எம்பி3யிலிருந்து ஆடியோ சிடியாக எழுதப்பட்ட நகல். பார்வைக்கு ஒழுங்கான சிடி. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் அதிலிருந்து எடுத்த ஃபைலைத் திறந்தால் அலைவரிசைப் படம் வரும். ஏறத்தாழ 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே கத்தியால் நறுக்கியதுபோல் படம் இருண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். ஆனால் 1950, 60களின் பழைய ஒலிப்பதிவுகளில் அந்த உயரத்தில் இயல்பாகவே ஒன்றும் இருக்காது. அங்கே படம் மெதுவாக மங்கும், நேர்கோடாக வெட்டாது. அதுதான் வித்தியாசம்.

துடைத்தல்

நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். தட்டைச் சுற்றித் துடைக்கக் கூடாது. சிடியின் தடம் உள்ளிருந்து வெளியே சுருளாகப் போகிறது. அதில் சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளம் வரையான சேதத்தைப் பிழைதிருத்த முறையே சரிக்கட்டிவிடும். குறுக்கே விழுந்த கீறல் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புள்ளியைத்தான் தொடும். தடத்தோடு ஓடும் கீறல் தொடர்ந்து தின்றுகொண்டே போகும். மைக்ரோஃபைபர் துணி, கொஞ்சம் டிஸ்டில்டு வாட்டர், எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒரு துளி ஐசோபுரோபைல் ஆல்கஹால். வேறொன்றும் வேண்டாம்.

அடிப்பக்கத்தைவிட மேல்பக்கத்துக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். தகவல் இருக்கும் உலோகப் படலம் லேபிளுக்கு நேர் கீழே, மெல்லிய அரக்குப் பூச்சுக்கு அடியில் இருக்கிறது. கணக்கு வைத்துக்கொள்ள வசதி என்று ஒரு டிஸ்க்கின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதினேன். ஒரு மாதம் கழித்து டேப்பை உரித்தபோது வெள்ளியும் கூடவே வந்துவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் தனி ஆவர்த்தனம் இருந்த இடத்தில் ஜன்னல்.

ஆடியோ சிடியை ‘காப்பி’ செய்ய முடியாதது ஏன்

டேட்டா சிடியில் ஒவ்வொரு துண்டுக்கும் முகவரி உண்டு, கூடுதல் பிழைதிருத்தக் குறியும் உண்டு. ஆடியோ சிடி 1982இல் கடைக்கு வந்தபோது அதை ஃபைலாக எடுக்கப்போகிறார்கள் என்று யாரும் நினைக்கவில்லை. ஒரு நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட், இடம் வலம் இரண்டு சேனல். அது நொடிக்கு 75 துண்டுகளாக, துண்டுக்கு 588 மாதிரிகள் வீதம் வரிசையாக ஓடுகிறது. ஒரு துண்டு படிக்க முடியாமல் போனால் பிளேயர் முன்னும் பின்னும் பார்த்து நடுவில் உத்தேசமாக இட்டு நிரப்பிவிடும். பாட்டுக் கேட்க அது போதும். நகல் எடுக்கும்போது அந்த உத்தேசம் நிரந்தரமாகிவிடும், நமக்குத் தெரியவும் தெரியாது.

இன்னொரு விஷயம் ஆஃப்செட். எந்த டிரைவும் பாட்டு தொடங்கும் இடத்தைத் துல்லியமாகப் பிடிப்பதில்லை. சில மாடல்கள் 6 மாதிரிகள் தள்ளிப் படிக்கும், சில 103, சில 667. 667 என்றால் வெறும் 15 மில்லிசெகண்ட். காதுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் உங்கள் நகலை வேறொருவர் நகலோடு ஒப்பிட வேண்டுமானால் இருவரும் ஒரே இடத்தில் தொடங்கியிருக்க வேண்டும். அந்த ஒப்பீடு எதற்கு என்று பின்னால் சொல்கிறேன்.

டிரைவைப் பொறுத்தவரை புதிய லேப்டாப்பில் சிடி டிரைவே கிடையாது. யுஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி டிரைவ் போதும். பழைய கணினிக் கடையில் டெஸ்க்டாப் சாட்டா டிரைவ் கிடைத்தால் இன்னும் நல்லது. கீறல் விழுந்த டிஸ்க்கை அது பொறுமையாகப் படிக்கும். ஆனால் அதற்கு 12 வோல்ட் மின்சாரம் தனியாக வேண்டும், யுஎஸ்பி மட்டும் போதாது. முடிந்தால் வெவ்வேறு மாடலில் இரண்டு டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள்.

மென்பொருளை ஒருமுறை அமைப்பது

விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, சுருக்கமாக ஈஏசி, இலவசம். மேக்கில் எக்ஸ்எல்டி. லினக்ஸில் விப்பர். காசு கொடுக்கத் தயாரென்றால் டிபிபவர்ஆம்ப். நான் ஈஏசியை வைத்துச் சொல்கிறேன். மற்றவற்றிலும் சங்கதி இதேதான்.

டிரைவ் அமைப்புகளைத் திறக்க எஃப்10. அங்கே ‘செக்யூர் மோட்’ தேர்ந்தெடுங்கள். ‘பர்ஸ்ட் மோட்’ ஒரே ஓட்டமாக அள்ளிக்கொண்டு வந்துவிடும், சரிபார்ப்பு கிடையாது. செக்யூர் மோட் ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரண்டு முறை படிக்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 16 முறை திரும்பப் படித்து, அதில் 8 முறை ஒரே விடை வந்தால் ஏற்றுக்கொள்ளும். வராவிட்டால் மறுபடி 16. மிக மோசமான துண்டை 82 முறை வரை படிக்கும். டிரைவ் ‘க்ரீச் க்ரீச்’ என்று முனகினால் பயப்படாதீர்கள், வேலை நடக்கிறது என்று அர்த்தம்.

அதே பக்கத்தில் டிரைவின் இயல்புகளைக் கண்டுபிடிக்கும் பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் டிரைவ் ஒலியை கேஷில், அதாவது தன் தற்காலிக நினைவில், வைத்துக்கொள்கிறதா என்று சொல்லும். வைத்துக்கொள்கிறது என்றால் அந்தப் பெட்டியில் கண்டிப்பாக டிக் வேண்டும். இல்லையேல் இரண்டாவது முறை படிக்கச் சொன்னால் டிரைவ் டிஸ்க்கைத் தொடாமலே நினைவிலிருந்து பழைய விடையை ஒப்பிக்கும். வாய்ப்பாட்டை எழுதச் சொன்னால் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுவது போல. ‘சி2’ என்ற வசதியை அணைத்துவிடுங்கள். பிழை இருக்கிறதா என்று டிரைவையே கேட்பது அது. எல்லா டிரைவும் உண்மை சொல்வதில்லை.

ஆஃப்செட்டை ஈஏசி தானாகவே கண்டுபிடிக்கும், ஆனால் அதற்குப் பலர் ஏற்கெனவே ரிப் செய்த (இப்படி நகலெடுத்த) டிஸ்க் ஒன்று வேண்டும். என் அலமாரியில் எதை வைத்தாலும் அதற்குத் தெரியவில்லை. கடைசியில் நண்பர் வீட்டிலிருந்து உலகெங்கும் விற்ற ஆங்கில பாப் ஆல்பம் ஒன்றை இரவல் வாங்கி வைத்தேன். ஒரே நிமிடத்தில் எண் வந்துவிட்டது. டிரைவுக்கு ஒருமுறை செய்தால் போதும்.

எஃப்11இல் ஃப்ளாக் தேர்வு செய்யுங்கள். அழுத்த அளவு 0 முதல் 8 வரை. எந்த எண்ணிலும் ஒலி அச்சு அசல்தான், ஃபைல் அளவில்தான் சின்ன வித்தியாசம். இயல்பாக வருவது 5, அதையே விடுங்கள். ஒரு மணி நேர டிஸ்க் அழுத்தாமல் 635 எம்பி. ஃப்ளாக்கில் பெரும்பாலும் அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நிற்கும். 500 டிஸ்க் இருந்தாலும் 200 ஜிபி பக்கம்தான், ஆக இடத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வீட்டில் எல்லாமே ஆப்பிள் என்றால் ஆலக் வடிவமும் சரியே. இழப்பு அதிலும் இல்லை. பின்னால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

நகல் சரியா என்று யாரைக் கேட்பது

டிஸ்க்கை வைத்து, ‘டெஸ்ட் அண்ட் காப்பி’ அழுத்துங்கள். வெறும் ‘காப்பி’ வேண்டாம். முதல் சுற்றில் படித்து ஒரு சிஆர்சி எண் (ஒலியின் கைரேகை மாதிரியான சரிபார்ப்பு எண்) போடும், இரண்டாவது சுற்றில் ஃபைலாக எழுதி இன்னொரு எண் போடும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும்.

அடுத்து அக்யூரேட்ரிப். உலகம் முழுவதும் பலர் எடுத்த நகல்களின் சரிபார்ப்பு எண்கள் சேர்ந்த தரவுத்தளம் அது. உங்கள் எண்ணும் முன்பின் தெரியாத இருபது பேரின் எண்ணும் ஒன்றானால் நகல் சரி என்று நிம்மதியாகத் தூங்கலாம். ஆஃப்செட்டை ஒழுங்காக வைக்கச் சொன்னது இதற்குத்தான். கியூடூல்ஸ் தரவுத்தளம் என்று இன்னொன்றும் உண்டு. அதில் உங்கள் டிஸ்க் இருந்தால், கீறலால் விழுந்த சின்னச் சின்ன ஓட்டைகளை அங்கிருக்கும் உபரித் தகவலை வைத்து அடைத்துத் தரவும் செய்யும்.

இதுவரை எந்த ஆங்கில வழிகாட்டியிலும் இருப்பதுதான். நமக்குச் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. கச்சேரி டிஸ்க்கையோ பழைய சினிமா டிஸ்க்கையோ வைத்தால் பாதிக்குமேல் ‘தரவுத்தளத்தில் இல்லை’ என்றே வரும். நமக்குமுன் யாரும் எடுத்து அனுப்பவில்லை. கேட்க ஆளில்லை.

அந்த மாதிரி டிஸ்க்கை இரண்டாவது டிரைவில், அதற்குரிய ஆஃப்செட்டோடு, இன்னொருமுறை எடுங்கள். ஒவ்வொரு முறையும் ஈஏசி எழுதித் தரும் குறிப்புதான் லாக் ஃபைல்; இரண்டு லாக் ஃபைலிலும் டிராக்குக்கு டிராக் சிஆர்சி எண்களை ஒப்பிடுங்கள். ஒரே டிரைவில் ஒரே டிஸ்க்கை இரண்டு முறை எடுத்தால் ஒரே தப்பை இரண்டு முறையும் ஒரே மாதிரி செய்ய வாய்ப்புண்டு. வேறு லென்ஸ், வேறு சிப் உள்ள டிரைவும் அதே எண்ணைச் சொன்னால் அது நல்ல சாட்சி. ஏதோ ஒரு டிராக்கில் மட்டும் எண் மாறினால் டிஸ்க்கைக் கழுவி, வேகத்தைக் குறைத்து, அந்த ஒரு டிராக்கை மட்டும் திரும்ப எடுங்கள். எப்படியும் ஒத்துவராத டிராக்கைத் தூக்கிப் போட வேண்டாம். லாக்கில் எந்த நிமிடம், எந்த நொடி என்று இருக்கும். ஹெட்ஃபோனில் அந்த இடத்தைக் கேளுங்கள். ‘டிக்’ சத்தம் இல்லையென்றால் வைத்துக்கொள்ளுங்கள், குறிப்பில் மட்டும் எழுதிவையுங்கள்.

வேலை முடிந்ததும் உங்கள் எண்களை அக்யூரேட்ரிப்புக்கு அனுப்ப ஈஏசி அனுமதி கேட்கும். கொடுங்கள். அதே டிஸ்க்கை வைத்திருக்கும் அடுத்தவருக்கு நீங்கள் ஒரு சாட்சி.

லாக், கியூ ஷீட் இரண்டையும் பாட்டோடு அதே ஃபோல்டரில் வையுங்கள். டிராக்குகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்ற விவரம் கியூ ஷீட்டில் இருக்கும். தானத்துக்கும் பல்லவிக்கும் நடுவே தம்பூரா அறுந்தது ஏன் என்றும் சொல்லிவிடுகிறேன். எம்பி3 ஒலியை 1,152 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக வெட்டுகிறது. கடைசிக் கட்டு நிறையாவிட்டால் மௌனத்தால் நிரப்பும், முன்னாலும் கொஞ்சம் சேர்க்கும். அந்த மௌனம்தான் காதில் விழுந்தது. ஃப்ளாக்கில் அந்த நிரப்பல் கிடையாது. டிஸ்க்கில் எத்தனை மாதிரியோ அத்தனைதான்.

பெயர் வைப்பது: பாதி வேலை இங்கேதான்

சிடியில் பாட்டின் பெயர் பெரும்பாலும் இருக்காது, டிராக்குகளின் நீளம்தான் இருக்கும். அந்த நீளங்களை வைத்துத்தான் இணையத் தரவுத்தளங்கள் டிஸ்க்கை அடையாளம் காண்கின்றன. இரண்டே டிராக் கொண்ட சஹஸ்ரநாம டிஸ்க் ஒன்றை வைத்தேன், ஜெர்மன் குழந்தைக் கதை ஒன்றின் பெயர் வந்தது. எனவே வருவதை அப்படியே நம்பாதீர்கள். மியூசிக்பிரெய்ன்ஸ் நல்ல தரவுத்தளம். உங்கள் டிஸ்க் இல்லையென்றால் நீங்களே சேர்க்கலாம். பிக்கார்டு என்ற மென்பொருள் அதிலிருந்து விவரங்களை எடுத்து ஃபைலில் எழுதும்.

சினிமா டிஸ்க்குக்கு ஒரு விதி: ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ புலத்தில் இசையமைப்பாளர் பெயர், ‘ஆர்ட்டிஸ்ட்’ புலத்தில் பாடியவர்கள். முதலாவதைக் காலியாக விட்டால் ஆறு பாடகர்கள் பாடிய ஒரே படம் சர்வரில் ஆறு ஆல்பமாகச் சிதறி நிற்கும். ஒரே டிஸ்க்கில் இரண்டு படம் இருந்தால் பாட்டுகளை இரண்டு ஃபோல்டராகப் பிரித்து, டிராக் எண்ணை மறுபடி 1இலிருந்து தொடங்குங்கள். லாக் ஃபைலை இரண்டிலும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள்.

கச்சேரிக்கு ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் பிரதானக் கலைஞர். ‘கம்போசர்’ புலத்தில் சாகித்யகர்த்தா. ராகம், தாளத்துக்கு ஃப்ளாக்கில் சொந்தமாகப் புலம் உருவாக்கலாம். புலத்தின் பெயர் ஆங்கில எழுத்தில்தான் இருக்க வேண்டும், உள்ளே எழுதுவது தமிழில் இருக்கலாம். எல்லா ஆப்பும் சொந்தப் புலங்களைக் காட்டாது என்பதால், டிராக் பெயரிலேயே கீர்த்தனை, ராகம், தாளம் என்ற வரிசையில் எழுதிவிடுகிறேன். தேடினால் எங்கும் அகப்படும். டிஸ்க்கோடு வரும் மடிப்புத் தாளை ஸ்கேன் செய்து போடுங்கள். வயலின் யார், மிருதங்கம் யார் என்பது பல சமயம் அந்தத் தாளில் மட்டும்தான் இருக்கும்.

தமிழில் எழுதுவதில் இரண்டு கண்ணிவெடிகள். முதலாவது நீளம். லினக்ஸில் வழக்கமான கோப்பு முறையில் ஒரு ஃபைல் பெயர் 255 பைட் வரை போகலாம். ‘தியாகராஜர்’ என்பது நம் கண்ணுக்கு 6 எழுத்து. கணினிக்கோ புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனித்தனி. ஆக 10 குறிகள், குறிக்கு 3 பைட் வீதம் 30 பைட். 50 எழுத்துக்குமேல் போனால் சர்வருக்குக் காப்பி செய்யும்போது ‘பெயர் நீளம்’ என்று பாதியில் நின்றுவிடும். நான் ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வைத்துவிட்டு, தமிழை டேக்கில் (ஃபைலுக்குள் இருக்கும் மேலே சொன்ன புலங்களில்) மட்டும் எழுதுகிறேன். டேக்கில் இந்த வரம்பு கிடையாது.

இரண்டாவது, பார்க்க ஒரே மாதிரி இருந்து உள்ளே வேறாக இருப்பது. ‘கௌரிமனோகரி’ என்று தேடினேன், நான்கு டிராக் வந்தது. ஏழு இருக்க வேண்டுமே? மீதி மூன்றில் நானே ஒருநாள் அவசரத்தில் க, ஒற்றைக்கொம்பு, ளகரம் என்று ‘கெளரிமனோகரி’யாகத் தட்டியிருக்கிறேன். திரையில் வித்தியாசமே தெரியாது. ‘கொ’, ‘கோ’ போன்றவற்றையும் கணினி இரண்டு விதமாகச் சேமிக்க முடியும்: கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியாக, அல்லது தனித்தனியாக. சில பழைய மேக் கணினிகளிலிருந்து வரும் ஃபைல் பெயர்கள் இரண்டாவது ரகம். இதற்கு மருந்து எளிது. ராகப் பெயர்களையும் கலைஞர் பெயர்களையும் ஒரே டெக்ஸ்ட் ஃபைலில் ஒருமுறை சரியாக எழுதி வைத்துக்கொண்டு, எப்போதும் அதிலிருந்து ஒட்டுங்கள். தோடியா ஹனுமத்தோடியா, கரஹரப்ரியாவா கரகரப்பிரியாவா என்ற வழக்கையும் அந்த ஃபைலிலேயே தீர்த்துக்கொள்ளலாம்.

சர்வர்

பெரிய இயந்திரம் தேவையில்லை. பழைய லேப்டாப் அல்லது ராஸ்பெர்ரி பை, கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க். பாட்டு மட்டும்தான் என்றால் நாவிட்ரோம், படமும் வேண்டுமென்றால் ஜெல்லிஃபின். இரண்டும் இலவசம். நிறுவியதும் உலாவியில் சர்வரின் முகவரியோடு நாவிட்ரோமுக்கு 4533, ஜெல்லிஃபினுக்கு 8096 என்ற போர்ட் எண்ணைப் போட்டால் திறக்கும். பாட்டு ஃபோல்டரை சர்வருக்குப் படிக்கும் உரிமை மட்டும் கொடுத்துக் காட்டுங்கள், எழுதும் உரிமை வேண்டாம். ஏதோ ஒரு அமைப்பைத் தெரியாமல் தட்டி, மாதக்கணக்கில் எழுதிய டேக்குகள் மாறிப்போவதை இது தடுக்கும்.

கைபேசியில் நாவிட்ரோமுக்கு சப்சோனிக் முறையைப் பேசும் எந்த ஆப்பும் ஒத்துவரும். ஆப் அமைப்பில் ‘கேப்லெஸ்’ (டிராக்குகளை இடைவெளியில்லாமல் ஓட்டுவது) இருக்கிறதா பாருங்கள். ஃபைல் எவ்வளவு ஒழுங்காக இருந்தாலும் ஆப் நடுவில் மூச்சு வாங்கினால் தானமும் பல்லவியும் மறுபடி பிரியும். வெளியூரில் மொபைல் டேட்டாவில் கேட்கும்போது சர்வரே ஓபஸ் வடிவில் சுருக்கி அனுப்பும்படி வைக்கலாம். மூல ஃபைல் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து அணுக ரவுட்டரில் போர்ட் திறக்காதீர்கள், டெயில்ஸ்கேல் போன்ற தனிவழி போதும். ப்ளூடூத்தில் கேட்டால் வழக்கமான எஸ்பிசி, ஏஏசி இரண்டும் ஒலியைச் சுருக்கித்தான் அனுப்பும். கேட்க நன்றாகவே இருக்கும், ஆனால் அது லாஸ்லெஸ் (இழப்பில்லாதது) இல்லை.

ஒரு டிஸ்க் கத்தும், ஒன்று முனகும். இதைச் சமன்செய்ய ஆர்எஸ்கெயின் என்ற மென்பொருள் கொண்டு ரீப்ளேகெயின் என்ற ஒலி அளவுக் குறிப்பு எழுதுங்கள். ஒலியைத் தொடாது, எவ்வளவு ஏற்றி இறக்க வேண்டும் என்று டேக்கில் மட்டும் எழுதும். கச்சேரிக்கு ‘ஆல்பம்’ அளவைப் பயன்படுத்துங்கள். டிராக் அளவு வைத்தால் ஆலாபனையும் தனி ஆவர்த்தனமும் ஒரே சத்தத்தில் வரும்.

பேக்கப்

மொத்தச் சேகரத்தையும் இன்னொரு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, வேறு வீட்டில் வையுங்கள். ரெய்டு (பல ஹார்ட் டிஸ்க்கை ஒன்றாகச் சேர்த்து ஓட்டும் முறை) என்பது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்தால் அங்கேயும் சேர்ந்தே அழியும். ஒவ்வொரு ஃப்ளாக் ஃபைலின் தலையிலும் மூல ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் பொதிந்திருக்கிறது. ஃப்ளாக் மென்பொருளின் சோதனைக் கட்டளையை ஆண்டுக்கு ஒருமுறை ஓட்டினால் எந்த ஃபைல் கெட்டிருக்கிறது என்று அதுவே சொல்லும். கெட்டதைப் பேக்கப்பிலிருந்து எடுத்துப் போடுங்கள்.

டிஸ்க்குகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய டிஸ்க்கைச் சொந்தமாகக் கேட்க நகலெடுக்கிறீர்கள். 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தனிப்பட்ட பயன்பாட்டுக்கான நியாயமான கையாளுகைக்கு இடம் தருகிறது. ஊருக்கெல்லாம் பகிர்வது அதில் வராது. எடுத்து முடித்த டிஸ்க் எது என்று தெரிய, உறைக்குள் இருக்கும் தாளின் ஓரத்தில் பென்சிலால் தேதி எழுதிவைக்கிறேன். டிஸ்க்கின் மேல் எதுவும் ஒட்டுவதில்லை.